தொலைந்த புத்தகங்களின் பேரில் ஒரு திறந்த மடல்

நம் பள்ளி நூலகர் சங்கத்தின் தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மே மாதப் பொதுக்குழுவுக்கான அழைப்பும் ஆண்டறிக்கையும் போன வாரம் வாட்ஸாப் குழுவில் வந்து சேர்ந்தன. அறிக்கையை இரண்டு முறை படித்தேன். 28 பக்கம், நல்ல வடிவமைப்பு, படங்களெல்லாம் தெளிவு. மூன்றாவது முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். நூலகர் புத்தி, எதையாவது எண்ணாமல் இருக்க முடியாது. படங்களில் 21 பொன்னாடைகள் இருந்தன. குத்துவிளக்கு நான்கு. கையில் புத்தகம் வைத்திருக்கும் பிள்ளை ஒன்றே ஒன்று. அதுவும் மேடையில் பரிசு வாங்கும்போது எடுத்த படம்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த 21 பொன்னாடைகளில் ஒன்று என் தோளிலும் விழுந்தது. வீட்டில் பத்திரமாக இருக்கிறது, போன வாரம்கூட எடுத்துப் பார்த்தேன்.

இதைப் பொதுக்குழுவிலேயே பேசலாமே, ஏன் ஊரறிய மடல் என்று கேட்பீர்கள். தொலைந்த புத்தகத்துக்கு நூலகரே கையிலிருந்து பணம் கட்டும் வழக்கத்தைப் பற்றி இரண்டு வருடமாகப் பேச முயன்றேன். நிகழ்ச்சி நிரலில் என் பொருள் ‘ஏனையவை’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. ஏனையவைக்கு நேரம் வரும்போது மணி ஒன்றேகால், பக்கத்து அறையில் சாம்பார் சாதம் திறந்துவிட்டார்கள். முதல் வருடம் இரண்டு நிமிடம் கிடைத்தது. போன வருடம் “எழுதிக் கொடுத்துடுங்க டீச்சர், செயற்குழுவில் பார்த்துக்கறோம்” என்றீர்கள். சரி, எழுதிக் கொடுக்கிறேன். சங்கத்தில் இல்லாத ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் வெளியில் வைத்து எழுதுகிறேன். விஷயம் அவர்களுடையதும்தான்.

நம் ஆண்டுப் பணி என்று அறிக்கை சொல்வது நான்கு விழாக்களை. ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினம். அக்டோபரில் உலகப் பள்ளி நூலக மாதம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். நடுவில் இரண்டு பயிலரங்கம், ஒரு சுற்றுலா. இவற்றில் அக்டோபர் நிகழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு புக்மார்க் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் நம்மையும் சேர்த்துவிட்டீர்களே, என் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண்கள் அதற்காகவே ஒரு வாரம் மதிய இடைவேளையை நூலகத்தில் கழித்தார்கள். பதிலுக்கு வந்த அட்டைகளில் பாதியை இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்திவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 12 விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். வேலை நாளில் விழா வைக்கிறோம். நூலகர்கள் எல்லோரும் அனுமதி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாவட்டத் தலைநகருக்கு வருகிறோம். நூலகர் தினத்தன்று நம் உறுப்பினர்களின் நூலகங்கள் அத்தனையும் பூட்டிக் கிடக்கின்றன! இதை யாரும் கவனித்தோமா என்று தெரியவில்லை. நானே நான்கு வருடம் கழித்துத்தான் கவனித்தேன். மறுநாள் பள்ளிக்குப் போனபோது ஒரு சின்னப் பையன், “நேத்து ஏன் டீச்சர் பூட்டியிருந்துச்சு?” என்று கேட்டான். விழாவுக்குப் போனேன் என்றேன். “என்ன விழா?” என்றான். சொல்ல வெட்கமாக இருந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். நாள்களை இங்கே அங்கே மாற்றினால் தீர்ந்துவிடும். நான் எழுத வந்தது வேறு.

என் முதல் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியின் பெயர் வேண்டாம். எனக்கு முன்பிருந்த நூலகர் ஓய்வு பெற்று மூன்று வருடம் இடம் காலியாக இருந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில், எண்ணிப் பார்க்காமலே பொறுப்பேற்புச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஏப்ரலில் இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் இருந்து அலமாரியில் இல்லாதவை 61 புத்தகங்கள். அவற்றில் எத்தனை எனக்கு முன்பே போனவை, எத்தனை அந்த மூன்று வருடத்தில் போனவை, எத்தனையைக் கரையான் தின்றது என்று எனக்கும் தெரியாது, தணிக்கைக்கு வந்தவருக்கும் தெரியாது. தணிக்கைத் தடை விழுந்தது. கையெழுத்து யாருடையது, என்னுடையது. 3,140 ரூபாயை மூன்று தவணையில் கட்டினேன். அன்றைய என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. அப்பாவிடம் சொல்லாமல் அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இந்த மடலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து பீரோக்களையும் பூட்டினேன். கண்ணாடிக் கதவு போட்ட மர பீரோக்கள். சாவிக்கொத்து என் கைப்பையில். ‘நாளைக்கு வா’, ‘பரீட்சை முடியட்டும்’, ‘அப்பாவைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்’ என்று பிள்ளைகளை அனுப்பப் பழகிக்கொண்டேன். அந்த வருடம் வழங்கல் பதிவேட்டில் மொத்தம் 212 பதிவுகள். பெரும்பாலும் ஆசிரியர்கள், அதிலும் பாதி கைடு புத்தகம். வருடக் கடைசியில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. தணிக்கைக்கு வந்தவர் “இப்படித்தான் இருக்கணும்” என்று பாராட்டினார். என் பணிக்காலத்தில் எழுத்தில் கிடைத்த முதல் பாராட்டு அது.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒரு நாள் வெள்ளையடிப்பதற்காகப் புத்தகங்களை இறக்கி ஏற்றினோம். வரிசை கொஞ்சம் மாறிப்போனது. மறுநாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். “டீச்சர், மூணாவது பீரோவுல ரெண்டாவது தட்டு, இடப்பக்கத்துலேருந்து ஏழாவதா ஒண்ணு இருக்கும், மஞ்ச முதுகு. அத எங்க மாத்துனீங்க?” என்றான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தேன். இடைவேளையில் கண்ணாடி வழியாக முதுகுத் தலைப்புகளைப் படிப்பானாம். எல்லா பீரோவும் மனப்பாடம். ஒவ்வொரு தலைப்புக்கும் உள்ளே என்ன கதை இருக்கும் என்று அவனாக ஒன்று யோசித்து வைத்திருந்தான். இரண்டு மூன்று சொன்னான். அசல் கதையை விட நன்றாகவே இருந்தன.

மஞ்சள் முதுகைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவன் அப்பாவுக்கு வேலை மாறி, அரையாண்டு விடுமுறையோடு ஊரை விட்டுப் போய்விட்டார்கள். விலை 45 ரூபாய். நான் கட்டினேன், வருத்தமில்லை.

தலைவர் ஐயா, நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் இன்று அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்? கை தூக்கச் சொன்னால் யாரும் தூக்க மாட்டார்கள், நானும் அந்த நாளில் தூக்கியிருக்க மாட்டேன். தேநீர் இடைவேளையில் கேட்டால் சொல்வார்கள். அவர்களெல்லாம் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. தொலைந்த புத்தகத்துக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம் போகும் என்றால் யாரும் பூட்டத்தான் செய்வார்கள். வாசிப்பின் மேன்மை பற்றி ஆகஸ்ட் 12 அன்று எவ்வளவு நன்றாகப் பேசினாலும், ஏப்ரலில் வரும் இருப்புச் சரிபார்ப்பு அதையெல்லாம் அழித்துவிடுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் 215ஆம் விதி நூலகப் புத்தகங்களைப் பற்றியது. 20,000 வரை புத்தகம் உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. நம் பள்ளிகள் எல்லாம் அந்த வகைதான். அடுத்து முக்கியமான வரி: ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வைக்கு எடுக்கப்பட்ட ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் 5 புத்தகம் தொலைந்தால் அது இயல்பான இழப்பு. நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இந்த விதியை முதன்முதலில் படித்தபோது 1,000க்கு 5 என்பதைத்தான் பார்த்தேன். இரண்டாம் முறைதான் அந்த 1,000 எது என்று உறைத்தது. அலமாரியில் இருக்கும் 1,000 இல்லை, பிள்ளைகள் கைக்குப் போன 1,000. போன வருடம் என் நூலகத்தில் 4,400 முறை புத்தகம் வழங்கினேன். அந்தக் கணக்கில் 22 தொலையலாம். தொலைந்தது 17. முன்பு நான் பூட்டி வைத்திருந்தேனே, 212 பதிவு, அந்தக் கணக்கில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. கதவைத் திறந்து வைத்தவருக்குச் சலுகை, பூட்டி வைத்தவருக்குச் சலுகை இல்லை! ஒரு நிதி விதிக்குள் இவ்வளவு புத்திசாலித்தனத்தை யார் வைத்தார்களோ, அவருக்குத்தான் நாம் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும்.

ஆனால் அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. நம் பள்ளியில் தணிக்கைக்கு வருகிறவரிடம் அதை நீட்டினால் “இது இங்கே பொருந்தாது மேடம்” என்று மடித்துக் கொடுத்துவிடுகிறார். எனக்கு அது மூன்று முறை நடந்திருக்கிறது. ஒருவர் ஒரு கணக்கு சொல்கிறார், அடுத்தவர் வேறு கணக்கு சொல்கிறார். தனியாளாக நான் நீட்டினால் மடிக்கத்தான் செய்வார்கள். சங்கம் நீட்டினால் மடிக்க யோசிப்பார்கள். சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

இந்த ஆண்டுக்கு எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. நான்கு விழாவில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, நம் பள்ளிகளுக்கும் இதே போல ஒரு தெளிவான ஆணை வாங்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வழங்கல் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்கும் இழப்பு வரம்பு. கரையானும் இராமபாணப் பூச்சியும் மழையும் தின்றதைத் தனிக் கணக்கில் எழுத ஒரு வழி. பொறுப்பு மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணிய பிறகே கையெழுத்து. அப்புறம் கழிவு நீக்கம். பாடத்திட்டம் மாறிப் பல வருடமான கைடுகளை ‘புத்தகம்’ என்ற ஒரே காரணத்துக்காக நாம் எல்லோரும் அடைகாத்துக்கொண்டிருக்கிறோம். அவை தொலைவதும் இல்லை, எத்தனை வேண்டுதல் வைத்தாலும்.

ஆகஸ்டில் நாம் மாலை போடும் படத்துக்கு உரியவர் இந்த விஷயத்தில் நம் பக்கம்தான். இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். (அவர் பிறந்தது ஆகஸ்ட் 9, பதிவில் ஏறியது 12 என்று சொல்வார்கள். அந்த 12தான் நம் நூலகர் தினம். பதிவேட்டில் உள்ளதுதான் செல்லும் என்பது நூலகருக்கே நேர்ந்த விதி போலிருக்கிறது.) நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’. மேடையில் இதை எல்லோரும் சொல்கிறோம். அதை விளக்கும்போது அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதை மட்டும் சொல்வதில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுப் பிணைத்து வைத்திருந்தார்கள், அங்கிருந்து தொடங்கினார். பாதுகாப்பதுதான் நூலகரின் வேலை என்ற எண்ணம் எவ்வளவு பழையது, அதை உடைக்க எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் அந்த விதியின் சாரம். நம் பீரோ சாவி அந்தச் சங்கிலியின் பேத்தி.

அந்த ஐந்து விதிகளை அவர் முதலில் வெளியே சொன்னது 1928 டிசம்பரில், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் நடந்த ஒரு கல்வி மாநாட்டில். நூலகர்கள் கூட்டத்தில் இல்லை. அது புத்தகமாக வந்தது 1931இல். வெளியிட்டது சென்னை நூலகச் சங்கம். அந்தச் சங்கம் தொடங்கியதும் 1928இல்தான். அடுத்த வருடமே நூலகர் பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். பல்கலைக்கழகம் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டது. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் போயின. அந்த முதல் மூன்று வருட ஆண்டறிக்கைகளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவற்றில் என்ன எழுதியிருக்க முடியும் என்று ஊகிக்க முடிகிறது. 1942இல் ரங்கநாதன் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். நம் சங்கத்து அலமாரியில் அதன் பிரதி இருக்கிறதா? போன முறை வந்தபோது தேடினேன், அந்த அலமாரியும் பூட்டியிருந்தது.

இன்னொன்று உறுப்பினர் விதி. நூலக அறிவியல் பட்டம் இருப்பவர்தான் முழு உறுப்பினர், மற்றவர்கள் ‘இணை’, அவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று வைத்திருக்கிறோம். பட்டம் வாங்க நானும் கஷ்டப்பட்டவள், அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் கண்ணைத் திறந்து பாருங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும் என்கிறது. செய்தித்தாள், இதழ், எல்லாப் பாடங்களிலும் புத்தகங்கள், கதைப் புத்தகமும் சேர்த்து என்று வரிசையாகச் சொல்கிறது. ஆசிரியர் எத்தனை பேர் என்று சொல்கிறது, ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர் என்று சொல்கிறது. நூலகர் என்ற சொல் அந்த அட்டவணையில் இல்லை. நூலகம் உண்டு, நூலகர் கிடையாது. அதனால் பள்ளிகளில் பெரும்பாலும் சாவி இருப்பது ஒரு பொறுப்பாசிரியரிடம். தமிழ் ஐயாவாக இருப்பார், பி.டி. சாராக இருப்பார், இல்லையென்றால் அந்த வருடம் யாருக்குப் பாடவேளை குறைவோ அவர்.

பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் அப்படி ஒரு பொறுப்பாசிரியை இருக்கிறார். தனி அறை கிடையாது, பீரோ கிடையாது. சத்துணவுக் கூடத்தில் ஓட்டை விழுந்து ஒதுக்கிய இரண்டு அரிசி டிரம்மை வாங்கி, அடியில் வேப்பிலையும் வசம்புத் துண்டும் போட்டு, புத்தகங்களை அதில் வைத்திருக்கிறார். எலி ஏறாது என்பது அவர் கணக்கு. காலையில் டிரம்மைத் திறந்து வராந்தாவில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் துணி போலத் தொங்கவிடுகிறார். போகிற வருகிற பிள்ளைகள் உருவிக்கொள்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்த மெல்லிய புத்தகங்கள் அந்தக் கயிற்றுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘நுழை’யை முடித்துவிட்டு, “நான் இப்போ நடக்கிறேன்” என்று என்னிடம் வந்து சொன்னது. அந்த டீச்சருக்கு நம் சங்கத்தில் ஓட்டு இல்லை. எனக்கு இருக்கிறது. இதை எந்தப் பொதுக்குழுவில் நியாயப்படுத்த முடியும்?

அவர்களைச் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கையில் நாம் சிறுபான்மை ஆகிவிடுவோம், நூலகர் பணியிடம் கேட்கும் நம் கோரிக்கை பலவீனமாகிவிடும் என்று செயற்குழுவில் ஒரு பயம் இருப்பது எனக்குத் தெரியும். அது அர்த்தமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். ‘பொறுப்பாசிரியரே போதுமே, நூலகர் எதற்கு’ என்று சொல்ல ஒரு தரப்பு காத்திருக்கிறது. ஆனால் நூலகர் பணியிடம் வேண்டும் என்று அந்த டிரம் டீச்சர் கேட்டால் அதில் சுயநலம் இருக்காது. நாம் கேட்டால் நமக்கு வேலை கேட்கிறோம் என்பார்கள். யார் கேட்பது எடுபடும் என்று யோசியுங்கள்.

பயிலரங்கங்களைப் பற்றிச் சுருக்கமாக. கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருள் பற்றி இரண்டு ஆண்டாக இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம். நல்ல மென்பொருள், இலவசம், குறை இல்லை. வந்திருந்த 40 பேரில் தங்கள் நூலகத்தில் கணினி உள்ளவர்கள் யார் என்று பயிற்சியாளர் கேட்டபோது ஆறு கை எழுந்தது. மற்றவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனோம். அதற்குப் பதிலாக ஒரு பைண்டரை ஒரு நாள் கூட்டி வந்து உட்கார வையுங்கள். முதுகு பிரிந்த புத்தகத்தை நூல் போட்டுத் தைப்பது, காலிகோ துணி ஒட்டுவது, மைதா பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் எவ்வளவு கலப்பது, கலந்ததைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எங்கே வைப்பது. இதைக் கற்றுக்கொண்டால் என் நூலகத்தில் மட்டும் இந்த வருடம் 200 புத்தகம் பிழைக்கும்.

வகைப்படுத்தலும் அப்படித்தான். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி தசம முறையில் தமிழ் இலக்கியம் 894.811. என் நூலகத்தில் பிள்ளைகள் தொடும் புத்தகங்களில் முக்கால்வாசி அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. ஊரில் எல்லோருக்கும் ஒரே முகவரி என்றால் தபால்காரர் என்ன செய்வார்? நான் எலக்ட்ரீஷியன் கடையில் வண்ண இன்சுலேஷன் டேப் வாங்கி முதுகில் ஒட்டிவிட்டேன். பேய்க்கதைக்குக் கறுப்பு, சிரிப்புக்கு மஞ்சள், விலங்குக்குப் பச்சை. பேராசிரியர்கள் கோபிப்பார்கள். ஆனால் ஆறாம் வகுப்புப் பையன் “கறுப்புல புதுசு வந்திருக்கா டீச்சர்?” என்று கேட்கும்போது அவனும் நானும் ஒரே மொழி பேசுகிறோம். இப்படி ஒவ்வொருவரும் ஒரு குறுக்குவழி வைத்திருப்போம். அதைச் சொல்லிக்கொள்ளச் சங்கத்தில் இடமே இல்லை.

புத்தகத் தேர்வில் சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவில்லாதது. சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் நூலக மானியம் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 வரை. வரும்போது அவசரமாக வரும், செலவு செய்ய நாள் இருக்காது. விற்பனையாளர் கட்டிக் கொடுக்கும் கட்டை அப்படியே வாங்கிவிடுகிறோம். அதில் பாதி தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, மீதி பொது அறிவு வினா விடை. ஒரே தலைவர் என்னிடம் ஒன்பது பதிப்பகங்களின் வழியாக வந்திருக்கிறார். அவசரம் வருவதற்கு முன்பே, ஜூலையில், ஒரு பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். யாரிடமும் பரிந்துரை கேட்க வேண்டாம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் நூலகத்தில் படித்துப் படித்துக் கிழிந்துபோன பத்துப் புத்தகங்களின் பெயரை எழுதி அனுப்பட்டும். கிழிந்த புத்தகப் பட்டியல் என்றே பெயர் வைக்கலாம். பிள்ளைகள் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டார்கள், நாம் எண்ண வேண்டியதுதான் பாக்கி. ‘சிறந்த நூலகர்’ விருதுக்கும் இதையே அளவுகோலாக வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்போது அந்த விருதுக்கு விண்ணப்பத்தோடு நூலகத்தின் புகைப்படம் கேட்கிறீர்கள். அடுக்கு கலையாத அலமாரிதான் ஜெயிக்கிறது. அடுக்கு கலையாத அலமாரி எனக்கு எதைக் காட்டுகிறது என்று மேலே சொல்லிவிட்டேன்.

காலண்டரையும் ஒரு முறை பள்ளியின் கண்ணால் பாருங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் பத்து நாள் நூலகத்தில் பாடப்புத்தகக் கட்டுகள்தான் இருக்கும். ஜூலையிலிருந்து நவம்பர் வரைதான் எங்களுக்கு உயிருள்ள மாதங்கள். அரையாண்டுக்குப் பிறகு பத்தும் பன்னிரண்டும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காது, சிறப்பு வகுப்பு. மார்ச்சில் நூலகம் தேர்வுக்கூடமாகிவிடும், மேசைகளை எடுத்துப் போய்விடுவார்கள். ஏப்ரலில் சரிபார்ப்பு. சங்கத்தின் ஆண்டுப் பணி இந்தச் சக்கரத்தோடு ஓட வேண்டும். சரிபார்ப்பு முடிந்து எல்லோருடைய வயிறும் கலங்கியிருக்கும் மே மாதத்தில்தான் பொதுக்குழு கூடுகிறது, ஆனால் யாருக்கு எவ்வளவு பிடித்தம் விழுந்தது என்று ஒரு வருடமாவது கேட்டோமா? இந்த முறை கேளுங்கள். பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதித் தரட்டும்: எத்தனை வழங்கினீர்கள், எத்தனை தொலைந்தன, கையிலிருந்து எவ்வளவு கட்டினீர்கள். மூன்றே எண்கள். அதிகாரிகளிடம் போகும்போது நம் கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான். கல்வித்துறையில் நல்ல காது உள்ளவர்கள் இருக்கிறார்கள், நாம்தான் இதுவரை அவர்களை விழாவுக்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறோம்.

செயலாளர் அம்மா, உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. போன வருடம் ஓய்வூதியக் கோப்பு சிக்கிக்கொண்ட நம் தோழருக்காக நீங்கள் 14 முறை அலுவலகப் படி ஏறியது எல்லோருக்கும் தெரியும். ஆண்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, படம் எடுக்கவில்லை என்பதால் விட்டுப்போயிருக்கும். உண்மையில் போன வருடச் சங்கப் பணிகளில் ஆக உருப்படியானது அதுதான் என்பது என் கணிப்பு. அதே கால்களை இதற்கும் கேட்கிறேன். கூட நானும் வருகிறேன், சனிக்கிழமைகளில் முடியும்.

ஆணைக்கான மாதிரி வரைவு ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி, எங்கள் பள்ளிக் கணக்கரிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கிறேன். பொதுக்குழுவுக்கு 60 பிரதி எடுத்து வருகிறேன், ஜெராக்ஸ் செலவு என்னுடையது. நிகழ்ச்சி நிரலில் அதை ஏனையவையில் போடாமல் இரண்டாவது பொருளாகப் போடுங்கள், வரவு செலவுக்கு முன்னால். பத்து நிமிடம் போதும். துண்டுச்சீட்டுகளுக்கு என்னிடம் பழைய வழங்கல் அட்டைகள் நிறைய இருக்கின்றன, பின்பக்கம் வெற்றாகத்தான் இருக்கும், அவற்றையும் கொண்டுவருகிறேன்.

கூடவே இந்த 17 வருடத்தில் என் கையை விட்டுத் தொலைந்த புத்தகங்களின் பட்டியலையும் கொண்டுவருகிறேன். விலையோடு, தேதியோடு, கடைசியாக எடுத்துப் போன பிள்ளையின் வகுப்போடு. வரிசை எண் 1, மஞ்சள் முதுகு, 45 ரூபாய்.

இப்படிக்கு,
முழு உறுப்பினர் ஒருவர்,
உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி நூலகர்,
டெல்டா மாவட்டம்